விருந்தாளி வரும் நாள்

2023 மார்ச் 26 அன்று பிரிட்டன் மன்னர் மூன்றாம் சார்லஸ் பாரிசில் இறங்கியிருக்க வேண்டும். அரியணை ஏறிய பிறகு அவர் மேற்கொள்ளவிருந்த முதல் அரசுமுறைப் பயணம் அது. வெர்சாய் அரண்மனையில் விருந்து, பிறகு போர்தோ நகரம் என்று நிகழ்ச்சி நிரல் தயாராக இருந்தது. ஆனால் மார்ச் 16 அன்று, ஓய்வுபெறும் வயதை 62இலிருந்து 64ஆக உயர்த்தும் சட்டத்தை மக்ரோன் அரசு, கீழவையில் வாக்கெடுப்பு நடத்தாமல், அரசியல் சட்டத்தின் 49.3ஆம் பிரிவைக் கையிலெடுத்து நிறைவேற்றியது. நாடெங்கும் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். 23ஆம் தேதி மாலை போர்தோ நகர மண்டபத்தின் கதவு தீக்கிரையானது. அரசு விழாக்களுக்குக் கம்பளமும் இருக்கைகளும் வழங்கும் நிறுவனத்தின் தொழிற்சங்கத்தினர், இந்த வரவேற்புக்குச் சிவப்புக் கம்பளம் தரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். 24ஆம் தேதி பயணம் ஒத்திவைக்கப்பட்டது. ஆறு மாதம் கழித்து, செப்டம்பர் 20 முதல் 22 வரை, மன்னர் பாரிசுக்கும் போர்தோவுக்கும் போனார்.

புதுச்சேரிக்கு இது தொலைதூரச் செய்தி அல்ல. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் இங்கே தெருவுக்குத் தெரு இருக்கின்றன. பிரெஞ்சுப் படையில் பணிபுரிந்து ஓய்வூதியம் வாங்குகிறவர்களை ‘சொல்தா’ என்றே இன்றும் அழைக்கிறோம். பிரான்சின் தேர்தலுக்கு இங்கேயே வாக்குச்சாவடி அமைக்கிறார்கள். அங்கே ஓய்வூதியச் சட்டம் மாறினால் இங்கே திண்ணையில் பேச்சு எழுவது இயல்பு. அந்தப் பேச்சுக்களைக் கேட்டபோதுதான், அரச குடும்பத்தார் ஒரு நாட்டுக்கு வரும் நாளை யார் குறிக்கிறார்கள், குறித்த நாளை மாற்றச் சொல்லும் வலிமை யாருக்கு இருக்கிறது என்ற கேள்வியை வரலாற்றில் பின்தொடர்ந்து பார்க்க வேண்டும் என்று தோன்றியது. தமிழர் வாழும் நிலங்களில் அதற்கான சான்றுகள் நிறையவே கிடைக்கின்றன.

முதலில் நடைமுறை. பிரிட்டன் மன்னர் தம் விருப்பப்படி வெளிநாட்டுக்குக் கிளம்புவதில்லை. எங்கே, எப்போது போவது என்பதை அந்நாட்டு அரசு சொல்கிறது. வெளியுறவுத் துறை, பிரதமர் அலுவலகம், அரண்மனை மூன்றின் அதிகாரிகளும் இருக்கும் ஒரு குழு பட்டியலைத் தயாரிக்கிறது. அழைக்கும் நாடு தனக்குத் தோதான நாளைக் கேட்கிறது. ஆக, அரசியலுக்கு அப்பாற்பட்டவர் என்று கருதப்படும் ஒருவர் வந்து நிற்கும் நாளை, அரசியலில் ஊறிய இரண்டு அரசுகள் பேசி முடிவு செய்கின்றன. சொந்த நாட்டில் இதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. 2024 மே 22 அன்று ரிஷி சுனக், ஜூலை 4ஆம் தேதி தேர்தல் என்று அறிவித்ததும், பிரசாரத்திலிருந்து மக்களின் கவனத்தைத் திருப்பக்கூடிய நிகழ்ச்சிகளை அரச குடும்பம் தள்ளிவைப்பதாக பக்கிங்காம் அரண்மனை தெரிவித்தது. அடுத்தவர் மண்ணில் அந்த அளவுக்கான கவனம் எப்போதும் இருந்ததில்லை.

சென்னையின் 1922 ஜனவரி இதைச் சொல்லத் தகுந்த இடம்.

வேல்ஸ் இளவரசர் எட்வர்ட் 1921 நவம்பர் 17 அன்று பம்பாயில் கரையிறங்கினார். ஒத்துழையாமை இயக்கம் உச்சத்தில் இருந்த நேரம். ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்து இரண்டரை ஆண்டுதான் ஆகியிருந்தது. கிலாபத் கோபம் தணியவில்லை. இளவரசரின் வருகையைப் புறக்கணிப்பதென்று காங்கிரஸ் முன்பே முடிவு செய்திருந்தது. இந்த நாடு இன்னும் மன்னருக்கு விசுவாசமாக இருக்கிறது என்று உலகுக்குக் காட்ட ஆட்சியாளர்களுக்கு ஒரு காட்சி தேவைப்பட்டது. கொந்தளிப்பான நேரத்தில் இளவரசர் தற்செயலாக வந்து மாட்டிக்கொண்டார் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. கொந்தளிப்பு இருந்ததால்தான் அந்த வருகை அவர்களுக்கு அவ்வளவு வேண்டியதாக இருந்தது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் அவருக்குப் பதிலாக அவருடைய தாத்தாவின் தம்பி கன்னாட் கோமகன் வந்து, 1921 ஜனவரி 12 அன்று சென்னை சட்டமன்றத்தைத் திறந்து வைத்திருந்தார். இரட்டை ஆட்சி என்ற புதிய ஏற்பாட்டுக்கு அரச குடும்பத்தின் ஆசி அது. அடுத்த வருடம் சென்னைக்கு அரியணையின் வாரிசே வந்தார்.

பம்பாயில் முதல் நாளே கலவரம் வெடித்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். காந்தி உண்ணாநோன்பு இருந்தார். அதன் பிறகு நடந்ததுதான் நம் கேள்விக்கு நேரடியான விடை. டிசம்பர் 24 அன்று இளவரசர் கல்கத்தாவுக்கு வர வேண்டும். சி.ஆர். தாஸ் டிசம்பர் 10 அன்றே கைது செய்யப்பட்டுவிட்டார். தொண்டர் படைகள் சட்டவிரோதமானவை என்று அறிவிக்கப்பட்டிருந்தன. தெருக்கள் வெறிச்சோடப் போகின்றன என்பது வைஸ்ராய் ரீடிங்குக்குத் தெரிந்துவிட்டது. அவர் மதன்மோகன் மாளவியா வழியாக ஒரு பேச்சுக்கு வந்தார். இளவரசரின் வருகையன்று கடையடைப்பைக் கைவிட்டால் வட்டமேசை மாநாடு கூட்டலாம், கைதானவர்களை விடுவிக்கலாம் என்பது அதன் சாரம். சிறையில் இருந்த தாஸ் ஏற்றுக்கொள்ளலாம் என்றார். அலி சகோதரர்கள் உள்ளிட்டோரின் விடுதலையும் வேண்டும் என்று காந்தி உறுதியாக நின்றதில் பேச்சு முறிந்தது. காந்தி செய்தது சரியா என்பது தனி விவாதம். ஒரு இளைஞர் ஒரு நகரத்துக்குள் வண்டியில் போகும் சில மணி நேரத்துக்காக ஒரு பேரரசு அரசியல் சலுகை தர முன்வந்தது என்பதே இங்கே முக்கியம். விழா எவ்வளவு பெரிதாகிறதோ, அதைக் கெடுக்கக் கூடியவர்களின் பேரம் பேசும் வலிமையும் அவ்வளவு கூடுகிறது.

பர்மாவிலிருந்து கடல் வழியாக இளவரசர் சென்னைக்கு வந்த நாள் 1922 ஜனவரி 13. பொங்கலை ஒட்டிய நாள். சென்னை அப்போது ஆறாத புண்ணோடு இருந்தது. முந்தைய ஆண்டு ஜூன் முதல் அக்டோபர் வரை பெரம்பூர் பின்னி ஆலைகளில் வேலைநிறுத்தம். துப்பாக்கிச் சூடு நடந்தது. புளியந்தோப்பில் வேலைக்குப் போன ஒடுக்கப்பட்ட சாதித் தொழிலாளர்களுக்கும் மற்றவர்களுக்கும் மோதல் மூண்டு குடிசைகள் எரிந்தன. ஆட்சியில் இருந்த நீதிக்கட்சி இளவரசரை வரவேற்றது. காங்கிரசின் தமிழ்நாட்டுத் தலைவர்களில் முன்னணியில் நின்ற ராஜாஜி டிசம்பர் 21 முதல் வேலூர் சிறையில் இருந்தார். ஊர்வலம் போன பாதையில் ஒரு பகுதி மக்கள் வரவேற்றார்கள், ஒரு பகுதி கடைகளை அடைத்தார்கள். பிற்பகலுக்குள் மவுண்ட் ரோடில் கலவரம் பரவியது. வெலிங்டன் திரையரங்கு தாக்கப்பட்டது. நீதிக்கட்சியின் மூத்த தலைவர் பிட்டி தியாகராயரின் வீட்டைக் கூட்டம் சூழ்ந்தது. படையினர் வரவழைக்கப்பட்டார்கள்.

காங்கிரசுக்கும் பிராமணரல்லாதார் இயக்கத்துக்கும் இடையே கொள்கைப் போட்டி கடுமையாக இருந்த காலம் அது. வகுப்புவாரி இடஒதுக்கீட்டுக்கான அரசாணை பிறந்திருந்தது. கல்வி, வேலைவாய்ப்பு பற்றிய உண்மையான கேள்விகள் மேடைக்கு வந்திருந்தன. இளவரசரின் வண்டி நகரத்துக்குள் வந்ததும் அந்தக் கேள்விகள் எல்லாம் பின்னால் போய், வரவேற்பவனா எதிர்ப்பவனா என்ற ஒற்றைக் கேள்வியில் நகரம் இரண்டாகப் பிளந்தது. நீதிக்கட்சிக்கு ‘வெள்ளைக்காரனுக்கு வால்பிடித்தவர்கள்’ என்ற பழிச்சொல் நிலைத்துப் போனதில் அந்த ஒரு நாளின் பங்கு சிறிதல்ல என்பது என் கணிப்பு. அந்தக் கட்சி செய்த நல்லவற்றைப் பேச வரும்போதெல்லாம் அந்த வரவேற்பு குறுக்கே வந்து நிற்கிறது. விழா எடுத்த ஆளுநர் மாளிகைக்கு அதனால் எந்த நட்டமும் இல்லை. பிப்ரவரி தொடக்கத்தில் சௌரி சௌரா நடந்தது, காந்தி இயக்கத்தை நிறுத்தினார், மார்ச் 10 அன்று கைதானார். இளவரசர் மார்ச் 17 அன்று கராச்சியிலிருந்து கப்பலேறினார்.

ஆபத்து என்று தெரிந்தும் பயணம் நடந்த இன்னொரு சம்பவத்தைச் சுருக்கமாகச் சொல்லிக் கடக்கலாம். 1961 நவம்பரில் இரண்டாம் எலிசபெத் கானாவுக்குப் போக இருந்தார். அதிபர் என்க்ருமாவின் அரசு எதிர்க்கட்சியினரைச் சிறையில் வைத்திருந்தது. சில நாட்களுக்கு முன் அக்ராவில் குண்டுகள் வெடித்தன. போகக்கூடாது என்று லண்டன் நாடாளுமன்றத்தில் குரல் எழுந்தது. அமைச்சர் டங்கன் சாண்டிஸ் முன்கூட்டியே அக்ராவுக்குப் போய், அரசி செல்லவிருந்த பாதையில் என்க்ருமாவோடு காரில் போய்ப் பார்த்துவிட்டுச் சம்மதம் சொன்னார். நவம்பர் 9 அன்று அரசி இறங்கினார். கானா சோவியத் பக்கம் போய்விடக்கூடாது, காமன்வெல்த்தில் நீடிக்க வேண்டும் என்பது பிரிட்டனின் கணக்கு. அந்தக் கணக்கு நிறைவேறியது. சிறையில் இருந்த எதிர்க்கட்சியினர் அந்தக் கணக்கில் இடம்பெறவில்லை.

இலங்கையில் இந்தக் கேள்வி மிகக் கூர்மையாக எழுந்தது 1981இல். என்னை நெடுநாள் விடாமல் தொந்தரவு செய்யும் வருகையும் அதுதான்.

அந்த ஆண்டு அக்டோபர் 21 முதல் 25 வரை எலிசபெத் அரசி இலங்கையில் இருந்தார். காரணம், சர்வசன வாக்குரிமையின் பொன்விழா. 1931இல் டொனமூர் அரசியலமைப்பின்படி, வயது வந்த ஆண், பெண் எல்லோருக்கும் வாக்குரிமை என்ற ஏற்பாடு இலங்கைக்கு வந்தது. பிரிட்டனிலேயே பெண்கள் ஆண்களுக்குச் சமமாக வாக்குரிமை பெற்றது 1928இல்தான். இந்தியா அந்த நிலைக்கு வர 1951–52 தேர்தல்வரை காத்திருந்தது. ஆசியாவில் பெருமைப்படத்தக்க சாதனை என்பதில் ஐயமில்லை. கொண்டாடியது நியாயமே. எந்த ஆண்டில், யாருடைய கண்ணெதிரில் கொண்டாடினார்கள் என்பதுதான் கேள்வி.

மே 31 இரவு யாழ்ப்பாணத்தில் தமிழர் விடுதலைக் கூட்டணியின் தேர்தல் கூட்டம் நடந்த நாச்சிமார் கோயிலடியில் காவலர்கள் சுடப்பட்டார்கள். அதன்பின் காவல்துறையினர் நகரத்துக்குள் புகுந்தார்கள். கடைத்தெரு எரிந்தது, கூட்டணி அலுவலகம் எரிந்தது, யாழ்ப்பாணம் நாடாளுமன்ற உறுப்பினர் யோகேஸ்வரனின் வீடு எரிந்தது, ‘ஈழநாடு’ பத்திரிகை அலுவலகம் எரிந்தது. யாழ்ப்பாணம் பொதுநூலகமும் எரிந்தது. சென்னைக் கட்டடக்கலைஞர் நரசிம்மன் வரைந்த திராவிடப் பாணி மாடங்களோடு 1959இல் திறக்கப்பட்ட அந்த வெண்ணிறக் கட்டடத்துக்குள், ஓலைச்சுவடிகள் உட்பட சுமார் 97,000 நூல்கள் இருந்தன. 1930களில் செல்லப்பா என்பவர் தம் வீட்டில் தொடங்கிய சிறு வாசிப்பறையிலிருந்து, ஊர்மக்கள் காசு சேர்த்தும் புத்தகம் கொடுத்தும் வளர்த்தெடுத்தது அது. அரசின் மூத்த அமைச்சர்கள் இருவர், சிறில் மத்தியூவும் காமினி திசாநாயக்கவும், அந்த நாட்களில் யாழ்ப்பாணத்திலேயே தங்கியிருந்தார்கள்.

அவர்கள் வந்திருந்தது தேர்தலுக்காக. ஜூன் 4 அன்று மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல். வாக்குப்பெட்டிகள் பற்றிய புகார்களுக்கு நடுவே அது நடந்தது. யாழ் மாவட்டத்தின் பத்து இடங்களையும் கூட்டணி வென்றது. ஜூலையில், எதிர்க்கட்சித் தலைவராக இருந்த அமிர்தலிங்கத்தின் மீதே ஆளுங்கட்சி நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தது. ஆகஸ்டில் இரத்தினபுரி முதலிய இடங்களில் மலையகத் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள், தோட்ட லயன் குடியிருப்புகள் எரிந்தன, 17ஆம் தேதி அவசரநிலை பிறந்தது. இரண்டு மாதம் கழித்து வாக்குரிமையின் பொன்விழா.

இந்த வரிசையைக் கொஞ்சம் பின்னோக்கியும் இழுத்துப் பார்க்க வேண்டும். 1931இல் அந்த முதல் தேர்தலில் யாழ்ப்பாணம் வாக்களிக்கவில்லை. ஹண்டி பேரின்பநாயகம் போன்றவர்கள் நடத்திய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ், முழுச் சுயராஜ்யம் தராத அரசியலமைப்பு வேண்டாம் என்று புறக்கணித்தது. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை என்ற நான்கு தொகுதிகளும் 1934வரை உறுப்பினர் இல்லாமல் கிடந்தன. தோட்டத் தொழிலாளர்களில் வாக்குரிமை பெற்றிருந்தவர்கள், 1948, 1949 சட்டங்களால் குடியுரிமையையும் வாக்கையும் இழந்தார்கள். 1947 நாடாளுமன்றத்தில் ஏழு உறுப்பினர்களை அனுப்பியிருந்த மக்கள் அவர்கள். எலிசபெத் 1954 ஏப்ரலில், இலங்கையின் அரசி என்ற முறையிலேயே வந்து முடிசூட்டு உடையோடு நாடாளுமன்றத்தைத் திறந்து வைத்தபோதும் அவர்கள் நாடற்றவர்களாகவே இருந்தார்கள். அதற்கு மூன்று மாதம் முன்புதான் அவர்களைப் பற்றி நேருவும் கொத்தலாவலையும் ஒப்பந்தம் எழுதியிருந்தார்கள். சிறிமாவோ பண்டாரநாயக்கவின் குடியியல் உரிமைகள் 1980 அக்டோபரில் பறிக்கப்பட்டிருந்தன. பொன்விழா ஆண்டில் எதிரணியின் முதன்மைத் தலைவரே வேட்பாளராக நிற்க முடியாத நிலை. பொன்விழாவுக்கு அடுத்த ஆண்டு, 1982 டிசம்பர் 22 அன்று, பொதுத்தேர்தலுக்குப் பதிலாக ஒரு பொதுசன வாக்கெடுப்பு நடத்தி நாடாளுமன்றத்தின் ஆயுளை ஆறு ஆண்டு நீட்டித்துக்கொண்டார் ஜனாதிபதி ஜெயவர்த்தன. 1989வரை பொதுத்தேர்தல் இல்லை.

அரசி இவற்றில் எதையும் செய்யவில்லை என்பது உண்மை. ஆஸ்திரேலியாவில் காமன்வெல்த் மாநாடு, பிறகு நியூசிலாந்து, திரும்பும் வழியில் இலங்கை என்று அவருடைய பயணம் அமைந்திருந்தது. பிரிட்டனுக்குத் தன் உதவியோடு எழுந்துகொண்டிருந்த விக்டோரியா அணை, புதிய சந்தை என்ற கணக்கு. கொழும்புக்குத் தன் ஜனநாயகத்துக்கு ஒரு நற்சான்று தேவைப்பட்டது. இரண்டும் பொருந்திய நாள் குறிக்கப்பட்டது. எரிந்த நூலகத்தின் சுவர்கள் கரியோடு நின்ற அந்த மாதத்தில், நாளைத் தள்ளிவையுங்கள் என்று சொல்லக்கூடிய இடத்தில் யாழ்ப்பாணத்தார் யாரும் இல்லை. பாரிசில் கம்பளம் தரமாட்டோம் என்று சொன்ன தொழிலாளர்களின் கையில் கம்பளம் இருந்தது. மக்ரோனுக்கு அவர்களோடு மறுநாளும் வாழ வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்தாரிடம் கொழும்பு விழாவுக்குத் தேவையான எதுவும் இல்லை, தொலைக்காட்சியில் சங்கடம் உண்டாக்கும் வலிமைகூட இல்லை. பயணங்கள் தள்ளிப்போவது காயத்தின் ஆழத்தைப் பார்த்து அல்ல, விழா கெடுமோ என்ற அச்சத்தைப் பார்த்து என்று நான் வந்து சேர்ந்த முடிவுக்கு இதைவிட வலுவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

1998 இதையே எதிர்ப்பக்கத்திலிருந்து காட்டுகிறது. சுதந்திரத்தின் பொன்விழாவைக் கண்டியில் நடத்தி, இளவரசர் சார்லஸை முதன்மை விருந்தினராக அழைக்க சந்திரிகா அரசு ஏற்பாடு செய்திருந்தது. யாழ்ப்பாணம் படையினர் கைக்கு வந்திருந்தது. ஜனவரி 29 அன்று அங்கே உள்ளூராட்சித் தேர்தல் நடத்தி, இயல்பு வாழ்க்கை திரும்பிவிட்டது என்று காட்டவும் ஏற்பாடாகியிருந்தது. ஜனவரி 25 அன்று கண்டியின் தலதா மாளிகை வாசலில் விடுதலைப் புலிகளின் குண்டு லாரி வெடித்தது. வழிபட வந்தவர்கள் இறந்தார்கள். எதிரியின் விழா நாளைக் குறிவைத்துப் பொதுமக்களின் வழிபாட்டிடத்தைத் தாக்கியதற்கு எந்த நியாயமும் கற்பிக்க முடியாது. விழா கொழும்புக்கு மாறியது, பிப்ரவரி 4 விழாவில் சார்லஸ் கலந்துகொண்டார். இடம் மாறியது, நாள் மாறவில்லை. நாளை மாற்றினால் தோற்றதாகிவிடும் என்று அரசு நினைத்தது. விருந்தினரும் அதற்கு இசைந்தார்.

2013 நவம்பரில் கொழும்பு காமன்வெல்த் மாநாட்டுக்குச் சார்லஸ் அரசியின் பிரதிநிதியாக மறுபடி வந்தபோது சூழ்நிலை மாறியிருந்தது. கனடா பிரதமர் ஹார்ப்பர் வரவில்லை. போகக்கூடாது என்று தமிழ்நாடு சட்டமன்றம் அக்டோபர் 24 அன்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டது, மன்மோகன் சிங் போகவில்லை. செப்டம்பரில் நடந்த வட மாகாண சபைத் தேர்தலில் 38 இடங்களில் 30ஐத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு வென்று, பேசுவதற்கு ஒரு வாய் உண்டாகியிருந்தது. பிரிட்டன் பிரதமர் டேவிட் கேமரன் யாழ்ப்பாணத்துக்கே போனார். புதுப்பித்துக் கட்டிய நூலகத்தின் முன் காணாமல் போனவர்களின் தாய்மார்கள் படங்களை ஏந்தி நின்றார்கள். மாநாடு நடக்கத்தான் செய்தது. ஆனால் அந்த முறை விழாவின் வெளிச்சம் விழா எடுத்தவர்கள் விரும்பாத பக்கமும் விழுந்தது.

இனி எங்கள் ஊர். புதுச்சேரிக்கு அரசர் யாரும் இல்லை. இந்தியக் குடியரசில் பெரும் வருகை என்றால் அது பிரதமரின் வருகை. பிரதமர் மக்கள் தேர்ந்தெடுத்த கட்சித் தலைவர். அவர் தேர்தல் காலத்தில் வருவதில் தவறில்லை, வந்து வாக்குக் கேட்பது அவர் உரிமை. ஆனால் கட்சித் தலைவராக வரும் அவர், அதே நாளில் அரசு விழாவில் கல்வெட்டுத் திறக்கும்போது, அரசர்களின் வருகைக்கு இருந்த அந்தப் பழைய பொதுமை மதிப்பும் சேர்ந்து வருகிறது. அதனால் நாள் பற்றிய கேள்வி இங்கும் பொருந்துகிறது.

2021 பிப்ரவரி மாதத்தின் இரண்டு வாரங்கள் எங்கள் தட்டாஞ்சாவடித் தொகுதியின் வழியாகவே ஓடின. ஜனவரி 25 அன்று தொடங்கிய பதவி விலகல்களால் முதல்வர் நாராயணசாமியின் காங்கிரஸ் அரசின் பலம் சரிந்துகொண்டிருந்தது. பிப்ரவரி 16 இரவு துணைநிலை ஆளுநர் கிரண் பேடி நீக்கப்பட்டார். 17ஆம் தேதி ராகுல் காந்தி வந்தார். 18ஆம் தேதி தமிழிசை சௌந்தரராஜன் கூடுதல் பொறுப்பேற்று, 22ஆம் தேதிக்குள் பெரும்பான்மையை நிரூபிக்கச் சொன்னார். அதற்கு முந்தைய நாள், ஞாயிற்றுக்கிழமை, இரண்டு உறுப்பினர்கள் விலகினார்கள். ஒருவர் ராஜ்பவன் தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினர் லட்சுமிநாராயணன், மற்றவர் தட்டாஞ்சாவடித் தொகுதியின் திமுக உறுப்பினர் வெங்கடேசன். 22ஆம் தேதி அரசு கவிழ்ந்தது. மத்திய அரசு திட்டமிட்டுக் கவிழ்த்தது என்றார் நாராயணசாமி, அவருடைய ஆட்சி மீதான அதிருப்தியால் விலகினார்கள் என்றது பாஜக. 25ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஆட்சி நடைமுறைக்கு வந்தது. அதே 25ஆம் தேதி பிரதமர் மோடி புதுச்சேரிக்கு வந்தார். 26ஆம் தேதி மாலை தேர்தல் ஆணையம் ஏப்ரல் 6 அன்று வாக்குப்பதிவு என்று அறிவித்தது. அந்த நிமிடத்தில் நடத்தை விதிகள் அமலுக்கு வந்தன.

25ஆம் தேதி பிரதமர் தொடங்கி வைத்த, அடிக்கல் நாட்டிய பணிகளைப் பாருங்கள். காரைக்காலைத் தொட்டுச் செல்லும் நான்குவழிச் சாலை, காரைக்கால் ஜிப்மர் மருத்துவக் கல்லூரிக் கட்டடம், சிறு துறைமுகம், விளையாட்டரங்கில் செயற்கை ஓடுதளம், லாஸ்பேட்டையில் மாணவிகள் விடுதி, 2014இல் இடிந்து விழுந்து மீண்டும் எழுப்பிய ‘மேரி’ என்ற நகராட்சிக் கட்டடம். எல்லாம் ஊருக்கு வேண்டியவை. மேரி கட்டடம் திரும்ப எழுந்து நின்றதில் மகிழாத புதுச்சேரிக்காரர் இருக்க முடியாது. இத்தனைக்குமான விழா ஏற்பாடு மூன்று நாளில் முடிகிற காரியமல்ல, அரசு கவிழ்வதற்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். கவிழ்ந்ததால் விழா வந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் இரண்டும் ஒரே வாரத்தில் மோதியபோது, விழாவைத் தள்ளிவைக்கலாமா என்ற பேச்சு எங்கும் எழவில்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பெரும் வருகையை எதிர்நோக்கும் ஊரை வழுதாவூர் சாலையில் நின்றாலே அறியலாம். வேகத்தடைகளைக் கொத்தி எடுத்துவிடுவார்கள். சாலையின் நடுத்திட்டுக்கு மஞ்சளும் கறுப்பும் பூசுவார்கள், ஈரம் காய்வதற்குள் கொடிக்கம்பம் நடுவார்கள். தொழிற்பேட்டைக்குப் போகும் வேன்கள் சுற்றுப்பாதையில் திரும்பும். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு மூட்டை ஏற்றி வருகிறவர்கள் விடியலுக்கு முன்பே வந்து காத்திருப்பார்கள். தேர்தல் அறிவிப்பு வந்த மறுநாள் இன்னொரு வேலை நடக்கும். அதே நகராட்சி ஆட்கள் ஏணியோடு வந்து, கல்வெட்டுகளில் உள்ள பெயர்களின் மீது செய்தித்தாளை ஒட்டுவார்கள், தலைவர்களின் படங்களைச் சாக்கால் மூடுவார்கள். முந்தைய நாள் பொதுச் சொத்தாக இருந்த கல், ஒரு அறிவிப்பால் பிரசாரப் பொருளாகிவிடுகிறது. கல்லிலோ பெயரிலோ எந்த மாற்றமும் இல்லை, நாள்தான் மாறியது.

அந்த நாளைப் பற்றி ஏற்கெனவே வழக்கு நடந்திருக்கிறது. நடத்தை விதிகள் தேர்தலை அறிவிக்கும் நாளிலிருந்து பொருந்துமா, முறையான அறிவிக்கை வெளியாகும் நாளிலிருந்தா என்ற சர்ச்சை பஞ்சாப்–ஹரியானா உயர்நீதிமன்றத்தில் 1997இல் எழுந்து உச்ச நீதிமன்றம்வரை போனது. அறிவிக்கும் நாளிலிருந்தே என்று 2001இல் முடிவானது. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு, இந்த விதிகளுக்குச் சட்ட வடிவம் கொடுக்கப் பரிந்துரைத்தது. இன்றுவரை அவை கட்சிகளின் ஒப்புதலில் நிற்கும் விதிகளாகவே இருக்கின்றன. அறிவிப்புக்கு முந்தைய நாளைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை.

புதுச்சேரியின் அந்த வாரத்தில் இதைவிடப் பெரிய ஒரு இடைவெளி இருந்தது. பேரவை உறுப்பினர்களில் பெரும்பாலோரை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், துணைநிலை ஆளுநரை மத்திய அரசு நியமிக்கிறது. 22ஆம் தேதிக்குப் பிறகு எங்கள் ஊருக்கு மக்கள் தேர்ந்தெடுத்த அரசு இல்லை. வந்த விருந்தினர் மத்திய அரசின் தலைவர், வரவேற்றவர் மத்திய அரசின் நியமனம். விருந்தாளியும் வீட்டுக்காரரும் ஒரே தரப்பு. 1921இல் கல்கத்தாவின் காங்கிரசிடம் ரீடிங் பேச்சுக்கு வர வேண்டியிருந்தது. 2013இல் கொழும்பின் விருந்தினர்கள் வட மாகாண சபையைக் கணக்கில் கொள்ள வேண்டியிருந்தது. 2021 பிப்ரவரி 25 அன்று, இந்த விழாவை மூன்று மாதம் தள்ளி, அடுத்து வரும் அரசோடு சேர்ந்து நடத்துங்கள் என்று கேட்கும் அதிகாரம் புதுச்சேரியில் யாருக்கும் இல்லை. முழு மாநிலத் தகுதி வேண்டும் என்று எங்கள் பேரவை ஆண்டுக்கணக்காகத் தீர்மானம் போடுவதை வெளியூர் நண்பர்கள் வெறும் சடங்கு என்று நினைக்கிறார்கள். அந்த ஒரு வியாழக்கிழமையை எடுத்துக் காட்டினால் அவர்களுக்கு விளங்கும்.

எளிய ஏற்பாடுகள் சில சாத்தியம் என்று நினைக்கிறேன். பேரவையின் ஆயுளின் கடைசி ஆறு மாதத்திலும், அரசு கவிழ்ந்து அடுத்த அரசு அமையும்வரையிலும், மத்திய அரசின் திறப்பு விழாக்களுக்குப் பிரமுகர் யாரும் வராமல் பணியை மட்டும் தொடங்கலாம். சாலை திறக்கப்படட்டும், மருத்துவக் கல்லூரியில் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கட்டும், கல்வெட்டு பிறகு வரட்டும். அரசு விழாவும் கட்சிக் கூட்டமும் ஒரே நாளில், ஒரே அரசுச் செலவுப் பாதுகாப்பில் நடப்பதைத் தேர்தல் ஆணையம் தடுக்கலாம். வருகைக்கான நாளை யார், எந்தத் தேதியில் முன்மொழிந்தார்கள் என்ற குறிப்பை வருகை முடிந்தபின் பொதுவில் வைக்கலாம். மூன்றாவதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். கொழும்புப் பொன்விழாவுக்கும் அப்படி ஒரு குறிப்பு அன்றே வெளியாகியிருந்தால், அந்த நாள் யாருடைய தேவைக்காகக் குறிக்கப்பட்டது என்று அந்தத் தலைமுறையே கேட்டிருக்கும்.

தட்டாஞ்சாவடி வாக்காளர்கள் 2016 மே மாதம் ஒரு சட்டமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் பதவி இழந்ததால் 2019 ஏப்ரலில் இடைத்தேர்தலில் இன்னொருவரை. அவர் விலகியதும், பிரதமரின் விழா முடிந்து ஆறாவது வாரத்தில், 2021 ஏப்ரல் 6 அன்று, ஐந்தாண்டு நிறைவதற்குள் மூன்றாவது முறையாக வரிசையில் நின்று என்.ஆர். காங்கிரஸ் தலைவர் ரங்கசாமியைத் தேர்ந்தெடுத்தார்கள்.